கொழிஞ்சாம்பாறை டு கோவை: மின்சாரக் காரில் 46,000 கிலோமீட்டர்

2023 ஓணத்துக்கு முந்தின வாரம் வண்டி எடுத்தோம். வீடு கொழிஞ்சாம்பாறையில், எனக்கு வேலை கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில். வேலந்தாவளம் தாண்டி, க.க.சாவடியில் நெடுஞ்சாலையைப் பிடித்து, மதுக்கரை, குனியமுத்தூர், உக்கடம் என்று போய்வர தினம் 70 கிலோமீட்டர். ரேஞ்ச், செலவு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஏசி போட்டு ஓட்டினாலும் ஒரு சார்ஜுக்கு 300 கிலோமீட்டருக்குக் குறையாமல் போகிறது, பெட்ரோல் பங்க் பக்கம் ஒதுங்குவதே இல்லை. அந்த வகையில் எனக்கு முழுத் திருப்தி. நான் எழுத நினைத்தது பாதுகாப்பைப் பற்றி.

கல்யாண வீட்டுக்குப் போனாலும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "தீப்பிடிக்குமா?" 2022 கோடையில் ஸ்கூட்டர்கள் எரிந்த வீடியோக்களைப் பார்த்த யாருக்கும் அந்தப் பயம் இருக்கும். அதற்குப் பிறகு அரசு இருசக்கர, மூன்று சக்கர மின்வண்டிகளின் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ்-156 விதிகளை இறுக்கி, அந்த டிசம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. என் காரில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டைத் தாங்கும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். இதுவரை பேட்டரி ஒரு தொந்தரவும் தரவில்லை. தொந்தரவு வந்தது எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து.

முதல் மாதம் பழைய 15 ஆம்பியர் பிளக்கிலேயே சார்ஜ் போட்டோம். ஒரு நாள் விடியற்காலையில் அத்தை எழுப்பினார், "கருகுற வாசம் அடிக்குது" என்று. பிளக்கைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி இளகியிருந்தது. கீசர் அரை மணி நேரம் இழுக்கிற கரண்டை இது ராத்திரி முழுக்க இழுக்கிறது, இருபது வருஷத்து வயரிங் எப்படித் தாங்கும்? மறுநாளே வயர்மேனை வரவழைத்து, மீட்டரிலிருந்து தனி செம்பு வயர், தனி எர்த்திங், 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. எல்லாம் போட்டோம். வண்டி புக் பண்ணும்போதே இதையும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் சார்ஜ் போடவே போடாதீர்கள்.

சரி, தீ பற்றி இவ்வளவு போதும். இந்த இரண்டு வருஷத்தில் என்னை உண்மையிலேயே நடுங்க வைத்தது வண்டியின் சத்தமின்மை.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் பக்கம் லாட்டரி விற்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், கண் தெரியாது. கழுத்தில் டிக்கெட் தட்டு, கையில் வெள்ளைக் கோல். பல வருஷமாக அதே ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய்வருகிறவர். வண்டி வாங்கிய இரண்டாம் மாதம், டீக்கடையை ஒட்டி நிறுத்தியிருந்த காரை மெதுவாக எடுத்தேன். அவர் நேராக என் முன்னால் இறங்கினார். பிரேக்கை மிதித்துவிட்டேன், ஆனால் அவருடைய கோல் பம்பரில் பட்டு 'டக்'கென்றது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இறங்கி ஓடி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பானட்டில் கையை வைத்துப் பார்த்தார்.

"எனக்குக் காதுதான் அம்மிணி கண்ணு. பஸ்ஸுன்னா பஸ்ஸுன்னு தெரியும், ஆட்டோன்னா ஆட்டோன்னு தெரியும். இது காத்துல சருகு நகர்ற மாதிரியில்ல வருது."

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் ரோட்டில் எந்நேரமும் சருகு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவர் எதை வைத்துப் பிரித்தறிவார்?

வேகமாகப் போகும்போது டயர் சத்தமே போதும். பிரச்சினை ஊருக்குள், மெதுவாக ஊரும்போதுதான். ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்து புதிதாக விற்கிற எல்லா மின்சாரக் கார்களும் 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், ரிவர்ஸிலும் ஒலி எழுப்பியாக வேண்டும். இங்கே 2025 செப்டம்பரில் வந்த ஒன்றிய அரசின் வரைவு விதி, 2026 அக்டோபர் முதல் புதிய மாடல் மின்சாரக் கார், பஸ், லாரிகளுக்கு அதைக் கட்டாயமாக்கச் சொல்கிறது. அந்த வரைவில் ஸ்கூட்டர் இல்லை. பள்ளிக்கூட வாசலில் நான் அதிகம் பார்க்கிற மின்வண்டி ஸ்கூட்டர்தான், அதனால் இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. என் காரிலும் அந்த ஒலி கிடையாது. ஹாரன் அடிக்கலாமே என்பார்கள். கண் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் திடீரென்று ஹாரன் அடித்தால் அவர் எந்தப் பக்கம் விலகுவார் என்று சொல்ல முடியாது. அதனால் ஊருக்குள் நுழைந்ததும் ஜன்னலை இறக்கி, கோவை வானொலியைச் சத்தமாக வைத்துவிடுகிறேன்.

அடுத்தது அடாஸ், அதாவது ஓட்டுகிறவருக்கு உதவும் தானியங்கி வசதிகள். கேமராவும் ரேடாரும் பார்த்து வண்டியே பிரேக் போடும், ரோட்டுக் கோட்டைத் தாண்டாமல் ஸ்டியரிங்கைத் திருப்பும். ஷோரூமில் 'பாதி தானியங்கி' என்று சொல்லித்தான் விற்றார்கள். உண்மையில் இது தானாக ஓடும் திறனுக்கான ஐந்து நிலைகளில் இரண்டாவதுதான். அதாவது கண்ணும் கவனமும் முழுக்க ஓட்டுகிறவருடையது. வாளையார் பக்கத்து நெடுஞ்சாலையில் எனக்கு இது உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வேலந்தாவளம் ரோட்டில் ஒரு சாயங்காலம், புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிளுக்கு இடம் விட்டு வலது பக்கம் ஏறினேன். இண்டிகேட்டர் போடவில்லை, அது என் தப்பு; போட்டிருந்தால் வேண்டுமென்றே விலகுகிறேன் என்று வண்டி எடுத்துக்கொண்டிருக்கும். நடுக்கோட்டைத் தொட்டதும் ஸ்டியரிங் என் கையை மீறி இடது பக்கம், அந்தச் சைக்கிளைப் பார்த்தே இழுத்தது. பலம் கொண்ட மட்டும் திருப்பி ஒடித்தேன். புல் கண்ணாடியில் உரசியது. கோடு அதற்குத் தெரிந்தது, புல்லுக்கட்டுக்கு நடுவில் இருந்த மனுஷன் தெரியவில்லை. அன்றிலிருந்து கிளம்புவதற்கு முன் அந்த வசதியை அணைத்துவிடுகிறேன். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அது தானாகத் திரும்ப ஆன் ஆகிறது, ஒவ்வொரு தடவையும் அணைக்கிறேன்.

உக்கடத்தில் இதற்கு நேர்மாறு. 2024 ஆகஸ்டில் மேம்பாலம் திறந்த பிறகு மேலே நிம்மதி. கீழே பஸ் ஸ்டாண்ட் பக்கம் பைக் ஒன்று குறுக்கே நுழைந்தால் போதும், வண்டி அறைந்த மாதிரி நிற்கும். ஒரு தடவை பின்னால் வந்த டவுன் பஸ் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. முன்னால் போகிறவர்களைக் காப்பாற்ற அது போடுகிற பிரேக்குக்குப் பின்னால் இருப்பவர்கள் தயாராக இல்லை.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்மீது ஊபர் (Uber) நிறுவனத்தின் தானியங்கிச் சோதனைக் கார் மோதியது. அவர் இறந்துபோனார். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே கார் அவரைக் கண்டுகொண்டது. ஆனால் வண்டியா, சைக்கிளா, வேறு ஏதோவா என்று மாறி மாறிக் கணித்துக்கொண்டே வந்தது. பாதசாரிகள் கடப்பதற்கான குறுக்குக்கோடு இல்லாத இடத்திலும் மனிதர் கடப்பார் என்பது அந்த மென்பொருளின் கணக்கிலேயே இல்லை என்று அங்குள்ள விசாரணை வாரியம் சொன்னது. ஸ்டியரிங் முன்னால் இருந்தவரின் கண் போனில் இருந்தது. இதைப் படித்த அன்று நான் எங்கள் பஸ் ஸ்டாப்பைத்தான் நினைத்தேன். அங்கே குறுக்குக்கோடு பெயின்ட் அழிந்து எத்தனையோ நாளாகிறது.

வண்டியை விற்கிற எண்ணம் இல்லை. அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது ஒலிக்கருவி பொருத்த முடியுமா என்று மூன்றாவது முறையாகக் கேட்கப்போகிறேன். போன இரண்டு முறையும் இந்த மாடலுக்கு இல்லை என்றார்கள். பெரியவர் இப்போதெல்லாம் வானொலிச் சத்தம் கேட்டதும் கோலை ஓரமாக ஊன்றி நின்று, "போ அம்மிணி" என்கிறார். ரேடியோவை மறந்துவிட்ட நாட்களில் நான் ஜன்னலில் தலையை நீட்டி, "தாத்தா, நான்தான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கடக்கிறேன்.