தொடக்கநிலை குரல் பயிற்சி வீடியோ வகுப்பு: மூச்சுப் பாடத்துக்காகவே சேரலாம்

புதிதாகப் பாட வருபவர்களுக்கான வகுப்புகள் பலவும் மேல் ஸ்தாயியை எட்டிப் பிடிப்பதிலேயே குறியாக இருக்கும். நான் அண்மையில் முடித்த இந்த வகுப்பு மூச்சில் தொடங்கி, வெகுநேரம் மூச்சிலேயே நிற்கிறது. எனக்கு வேண்டியதும் அதுதான். என்னுடையது பெண்குரல்களில் கொஞ்சம் தாழ்ந்த குரல், நாலு கட்டை (பாடுபவரின் அடிப்படைச் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்). நீளமான வரியில் கடைசிச் சொல் வருவதற்குள் காற்று தீர்ந்து சுருதி இறங்கிவிடும்.

'வயிற்றிலிருந்து பாடு' என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு என்ன பொருள் என்று இந்த ஆசிரியர் பிரித்துக் காட்டுகிறார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையான உதரவிதானம் சுருங்கி இறங்கும்போது காற்று உள்ளே வருகிறது. பாடும்போது அது தளர்ந்து மேலேறுகிறது. அந்த ஏற்றம் சட்டென்று நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பாடுபவரின் வேலை. அதற்காகக் கீழ் விலாவில் கை வைத்துக்கொண்டு, தோள் உயராமல் மூச்சை இழுத்து, 'ஸ்ஸ்ஸ்' என்று விடச் சொல்கிறார். எத்தனை நொடி தாங்குகிறது என்பதைவிட, சத்தம் ஏறி இறங்காமல் ஒரே சீராக வருகிறதா என்பதைக் கேட்கச் சொல்கிறார். இப்படி வேறு யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இப்போது வரியின் கடைசிச் சொல்லுக்கும் காற்று மிச்சமிருக்கிறது.

அடுத்தது ஸ்ட்ரா பயிற்சி. மெல்லிய ஸ்ட்ராவை உதட்டில் இறுக்கமாகப் பிடித்து, அதன் வழியாக ஒரு ஸ்வரத்தை மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். வழி குறுகுவதால் வாய்க்குள் சேரும் காற்றழுத்தம் குரல் நாண்களை மேலிருந்து தாங்குகிறது. அவை ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிர்கின்றன. 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தைப் பாடினால் நொடிக்கு 440 முறை அவை சேர்ந்து பிரிகின்றன என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். ஸ்ட்ராவின் நுனியைத் தண்ணீருக்குள் கொஞ்சம் அமிழ்த்திவிட்டால் இன்னும் நல்லது, குமிழிகள் சீராக வருகின்றனவா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

குரல் நாண்கள் அசைவதைக் கேமராவில் எடுத்த காட்சி ஒன்றும் வகுப்பில் இருக்கிறது. 1854-இல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், பல் மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். ஒரு பாட்டு ஆசிரியர் அதைச் செய்தார் என்பதில் எனக்கு எப்போதும் பெருமிதம் உண்டு.

சரி, குறைகளுக்கு வருகிறேன். ஸ்வரப் பயிற்சிகள் எல்லாம் ஆசிரியரின் ஒரு கட்டை சுருதியிலேயே பதிவாகியிருக்கின்றன. ஆண்களில் பலருக்கு அது பொருந்தும். எனக்கோ கீழே அடித்தொண்டையில் முனக வேண்டும், இல்லையென்றால் ஒரு ஸ்தாயி மேலே போய்க் கத்த வேண்டும். நாலு கட்டையிலும் ஐந்து கட்டையிலும் தனிப் பதிவுகள் தருவது பெரிய வேலையில்லை. இது பற்றிக் கேட்டு எழுதினேன். 'தொடர்ந்து பயிற்சி செய்யுங்கள்' என்று ஒரு வரி பதில் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் வகுப்புக்கு இது போதாது.

உயிரெழுத்துப் பாடமும் அவசர அவசரமாக முடிந்துவிடுகிறது. பாட்டை நீட்டித் தாங்குவது பெரும்பாலும் உயிரொலிதான். 'கை' என்ற சொல்லை நீட்டும்போது 'அ'வில் நின்று, கடைசியில் மட்டும் 'இ'யைத் தொட வேண்டும். முன்பே 'இ'க்குப் போய்விட்டால் வாய் இறுகி ஓசை மெலிந்துவிடும். மேல் ஸ்வரத்தில் 'ஈ' வந்தால் தாடையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். தமிழில் பாடுபவர்களுக்கு முக்கியமான இவை எதையும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். குறிலை நீட்டாமல் எப்படி நிறுத்துவது என்பதும் இல்லை.

பாடியதைப் பதிவுசெய்து கேட்கச் சொல்வது நல்ல பழக்கம். நம் குரல் எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்பதால், உள்ளே கேட்பது வேறு, மற்றவர் காதில் விழுவது வேறு.

மூச்சு தடுமாறுகிறவர்கள் தயங்காமல் சேரலாம். உச்சரிப்பையும் உணர்ச்சி வெளிப்பாட்டையும் தேடுபவர்கள் நேரில் ஒரு ஆசிரியரிடம் போவதே மேல். வலித்தால் உடனே நிறுத்த வேண்டும், கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசிப் பாடத்தில்தான் சொல்கிறார்கள். சேருபவர்கள் அந்தப் பாடத்தை முதலில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.