ஜெனிஃபர் ஹேலின் குரலுக்காக ஒரு கேம்: மாஸ் எஃபெக்ட் லெஜெண்டரி எடிஷன்

2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் தனித்தனியாக வெளிவந்த மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளிக் கதை வீடியோ கேம்கள் மூன்றைப் புதுப்பித்து, 2021 மே மாதத்தில் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது பயோவேர் நிறுவனம். படத்தின் தெளிவு கூடியிருக்கிறது. முதல் கேமில் துப்பாக்கியைக் குறிபார்ப்பதும் மாகோ வண்டியை ஓட்டுவதும் எளிதாகியிருக்கின்றன. ஆனால் நான் இதை வாங்கியது வேறொன்றுக்காக. கதையின் நாயகரான கமாண்டர் ஷெப்பர்டைப் பெண்ணாகத் தேர்ந்தெடுத்தால் ஒலிக்கும் ஜெனிஃபர் ஹேலின் குரலை, தொடக்கம் முதல் இறுதிவரை இடைவெளியின்றிக் கேட்க விரும்பினேன்.

இந்த வேடத்துக்கு வருவதற்கு முன்பே அவர் நெடுந்தூரம் கடந்திருந்தார். 1998இல் மெட்டல் கியர் சாலிட் கேமில் நயோமி ஹன்டராகவும், 2003இல் நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் கேமில் பாஸ்டிலா ஷானாகவும் பேசினார். 2002ஆம் ஆண்டில் மட்டும் அவர் செய்த இரண்டு வேலைகளைப் பார்த்தாலே அவருடைய வீச்சு புரியும்: டிஸ்னியின் இரண்டாம் சிண்டரெல்லா படத்தில் இளவரசியின் கனிந்த குரல் அவருடையது, அதே ஆண்டு வெளிவந்த மெட்ராய்ட் பிரைம் கேமிலோ, அதன் நாயகி சேமஸ் அரான் அடிபடும்போது எழும் முனகலையும் மூச்சையும் மட்டுமே கொடுத்தார்.

திரைப்படத்தில் ஒரு காட்சிக்கு ஒரே முடிவுதான். மாஸ் எஃபெக்டிலோ ஆடுபவர் கனிவான பதிலைத் தேர்ந்தெடுக்கலாம், கடுமையான பதிலையும் தேர்ந்தெடுக்கலாம். ஒரே உரையாடலுக்குள் இரண்டையும் மாற்றி மாற்றிக்கூடத் தேர்ந்தெடுக்கலாம். எந்த வரிசையில் கேட்டாலும் பேசுபவர் ஒருவரே என்று தோன்றவேண்டும். இந்தச் சிக்கலை ஹேல் கையாளும் விதம் என்னை மிகவும் கவர்ந்தது. கோபம் வரும்போது அவர் குரலை உயர்த்துவதில்லை. தணித்து, சொற்களைக் கூர்மையாக நறுக்கிப் பேசுகிறார். அதனால் முந்தைய நொடியின் பரிவும் இந்த நொடியின் மிரட்டலும் ஒரே நெஞ்சிலிருந்து வருவதை நம்ப முடிகிறது. ஆண் ஷெப்பர்டாக மார்க் மீர் பேசும் பெரும்பாலான வசனங்களும் இவைதாம் என்பதால், சில காட்சிகளை இருவர் குரலிலும் ஆடி ஒப்பிட்டேன். ஹேலின் நடிப்பில் களைப்பும் துயரமும் இன்னும் ஆழமாகப் பதிந்திருப்பதாகவே எனக்குப் பட்டது.

மூன்றாம் கேமின் இறுதியில் கீத் டேவிட் குரல் கொடுத்த மூத்த அதிகாரி ஆண்டர்சனும் ஷெப்பர்டும் அருகருகே அமர்ந்து பூமியைப் பார்க்கும் இடத்தில், முதல் கேமின் விறைப்பான படைவீரர் தொனி முழுவதும் கரைந்துவிடுகிறது. ஆனால் ஹேலின் திறமைக்கு ஒரே ஒரு சான்று கேட்டால், தொகுப்பிலேயே அடங்கியுள்ள சிட்டடல் என்ற கூடுதல் கதையைத்தான் சொல்வேன். அதில் ஷெப்பர்டும் அவருடைய நகலும் நேருக்கு நேர் மோதுகிறார்கள்; இருவருமே ஹேல்தான். குரல் ஒன்றாக இருந்தும், நண்பர்களோடு வாழ்ந்த நினைவு ஒருத்திக்கு உண்டு, மற்றவளுக்கு இல்லை என்பது பேச்சின் வெப்பத்திலேயே தெரிகிறது.

குறைகளும் உண்டு. முதல் கேமில் உதட்டசைவு இன்னும் விறைப்பாகவே இருக்கிறது. பதிலைத் தேர்ந்தெடுக்கத் திரையில் வரும் தெரிவு வட்டத்தில் காட்டும் சுருக்கமான வாசகத்துக்கும் ஷெப்பர்ட் உண்மையில் பேசுவதற்கும் சில இடங்களில் பெரிய இடைவெளி இருப்பதால், நாம் நினைக்காத தொனியில் பதில் போய்விடுகிறது. உரையாடலை முடித்துக்கொண்டு கிளம்பும்போது வரும் விடைபெறும் வரி திரும்பத் திரும்ப ஒலித்துச் சலிப்பூட்டுகிறது. மூன்றாம் கேமில் பலர் சேர்ந்து ஆடும் பகுதி இத்தொகுப்பில் இல்லை. கதைக்காக வருபவர்களுக்கு அது இழப்பன்று.

பெண் ஷெப்பர்டைத் தேர்ந்தெடுப்போர் 18 சதவீதம் என்று 2011இல் பயோவேர் கூறியது. இத்தொகுப்பு வந்தபின் அது வெளியிட்ட கணக்கில் 32 சதவீதம். எஞ்சியவர்களும் ஒருமுறையாவது பெண் ஷெப்பர்டாக, ஹெட்ஃபோன் அணிந்து, முதல் கேமிலிருந்தே தொடங்கி ஆடிப் பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். வசனம் பழகியபின் சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் ஹேல் பேசி முடிக்குமுன்பே கண் வரியைப் படித்துவிடுகிறது.