மணிவிழாவுக்கு ஒரு மிக்-21: மாதிரி விமானக் கிட் பற்றிய மதிப்புரை

மாதிரிப் போர் விமானக் கிட் (துண்டுகளாக வரும், நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் தொகுப்பு) ஒன்றைப் பரிசாகக் கொடுப்பதென்றால், பெறுபவர் எந்த வகை விமானத்தோடு பழகியவர் என்பதை முதலில் நன்றாக விசாரித்துக்கொள்ள வேண்டும். என் தாய்மாமா விமானப் படையில் எஞ்சின் பிரிவுத் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தின் பெரும்பகுதியை மிக்-21 என்ற சோவியத் போர் விமானத்தின் பிஸ் வகைக்கு அருகிலேயே கழித்தவர். கடந்த தை மாதம் திருக்கடையூரில் நடந்த அவருடைய மணிவிழாவுக்காக, 1:72 அளவுள்ள, அதாவது உண்மையான விமானத்தின் நீள அகலங்களில் 72-இல் ஒரு பங்கான, மிக்-21 பிஸ் கிட் ஒன்றை வாங்கி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அந்தக் கிட்டின் நிறைகுறைகளையும், டெல்டா மாவட்டங்களில் இருந்துகொண்டு இதைச் செய்ய விரும்புபவர்களுக்குத் தேவைப்படும் சில செய்திகளையும் இங்கே எழுதுகிறேன். தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் கண்ட குறைகள் இந்த விலையில் வரும் கிட்கள் பலவற்றுக்கும் பொதுவானவை.

மிக்-21 ஒரே விமானம் அன்று, ஒரு குடும்பம். 1963-இல் சண்டிகரில் இந்திய விமானப் படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் விடைபெறும் வரை, எண்ணூறுக்கும் மேற்பட்ட மிக்-21கள் பல வகைகளில் இங்கே பறந்திருக்கின்றன. 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவில் ஆளுநர் மாளிகையைத் தாக்கியவை எஃப்.எல். வகை, கடைசிவரை பணியில் இருந்தவை பிஸ் வகையை மேம்படுத்திய பைசன்கள். எஃப்.எல். விமானத்தில் வேகத்தை அளக்கும் நீண்ட பிட்டோ குழாய் மூக்கின் உச்சியில் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ் விமானத்தில் அது வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். பிஸ்ஸின் முதுகு பருத்தது, எஃப்.எல்.லின் முதுகு ஒல்லியானது. பைசனுக்கோ முன்கண்ணாடியே வேறு, அதில் குறுக்குச் சட்டங்கள் கிடையாது. கடைக்காரர்கள் எல்லாவற்றையும் மிக்-21 என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். இருபது ஆண்டுகள் அந்த விமானத்தைத் தொட்டு வேலை செய்தவரிடம் தவறான வகையைக் கொடுத்தால், அவர் மனம் கோணாமல் வாங்கிக்கொள்வாரே தவிர, அது அவருடைய விமானமாக இருக்காது. ஆகவே பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வகைப் பெயரைப் படித்து வாங்குங்கள்.

இனி கிட்டுக்கு வருகிறேன். உண்மையான விமானத்தின் இறக்கை அகலம் 7.15 மீட்டர் என்பதால், மாதிரியில் அது பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், நீளம் இருபது சென்டிமீட்டரை ஒட்டியும் வருகிறது. உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கவும் அலமாரியில் வைக்கவும் ஏற்ற அளவு இது. பிளாஸ்டிக்கின் தரம் நன்றாக இருக்கிறது. தகடுகளின் இணைப்புக் கோடுகள் மேடாக இல்லாமல் மெல்லிய பள்ளங்களாக வெட்டப்பட்டிருப்பதால், பெயிண்டுக்குப் பிறகு கரும்பழுப்பு நிறத்தை நீர்த்து ஓடவிட்டுத் துடைத்தால் ஒவ்வொரு மூடியும் தனித்துத் தெரிகிறது. விமானி இருக்கையும் கருவிப் பலகையும் இவ்வளவு சிறிய அளவில் எதிர்பார்க்க முடியாத நேர்த்தியோடு உள்ளன. அவற்றைச் சுற்றிய உட்சுவர்களுக்கு சோவியத் விமானங்களுக்கே உரிய நீலம் கலந்த பச்சை நிறத்தை அடித்தவுடன், அந்த ஒரு விரல் அகல இடம் உயிர்பெற்றுவிடுகிறது.

குறைகளில் முதலாவது, உடற்பகுதியின் இரு பாதிகளும் முதுகில் சரியாகப் பொருந்தவில்லை என்பது. இடைவெளியை அடைக்கும் புட்டியை மெல்லிய பூச்சாக வைத்து, காய்ந்தபின் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 800, 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துச் சமன்படுத்த வேண்டியிருந்தது. அதில் அழிந்துபோகும் கோடுகளை ஊசிமுனையால் மறுபடி கீறவும் வேண்டும். இரண்டாவது குறை பெரியது: பிட்டோ குழாய், பெட்டியைத் திறந்தபோதே, துண்டுகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒடிந்து கிடந்தது. அதை ஒட்டுவதைவிட, மருந்துக் கடையில் ஊசி ஒன்றை வாங்கி, முனையை அரத்தால் மழுக்கி, அளவாக வெட்டிப் பொருத்துவது நல்லது. பிளாஸ்டிக்கைவிட மெலிதாகவும், நேராகவும், உறுதியாகவும் நிற்கிறது. உலோகக் குழாய்க்கு உலோகமே வைத்தது போலவும் ஆயிற்று. மூன்றாவதாக, பின்பக்கம் கனமாக இருப்பதால் மூக்கினுள் எடை வைக்காவிட்டால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். குறிப்புத்தாள் எடை வைக்கச் சொல்கிறது, ஆனால் அதைப் பெட்டியில் தருவதில்லை. நாகப்பட்டினத்தில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் தூண்டில் ஈயக் குண்டுகள் இதற்கு மிகப் பொருத்தம். சிறியவற்றை மூக்குக் கூம்பினுள் ஒட்டிவிட்டால் போதும்.

பசையும் பெயிண்டும் தூரிகையும் இதில் வருவதில்லை என்பதை வாங்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். டமியா நிறுவனத்தின் பச்சை மூடி போட்ட மெல்லிய பசையை நான் பயன்படுத்தினேன். அது இணைப்பில் தானாகவே ஓடிப் பரவி, பிளாஸ்டிக்கை இளக்கி, இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. விமானி அறைக் கண்ணாடிக்கு மட்டும் அதையும் வேண்டாம், உடனடியாக ஒட்டும் சூப்பர் க்ளூ வகையையும் வேண்டாம். சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால் கண்ணாடி வெண்மையாகப் பூத்துவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே இதற்குப் போதும். காய்ந்தால் இருந்த இடம் தெரியாது.

எங்கள் பகுதியில் பெயிண்ட் வேலையைத் தீர்மானிப்பது வானிலைதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றில் இருக்கும் ஈரம் வார்னிஷை மங்கலாக்கிவிடும். மார்கழியிலும் வயல்களிலிருந்து எழும் பனி காலையில் வெகு நேரம் விலகுவதில்லை. வெயில் நன்றாக ஏறிய பிறகு, ஜன்னலோரம் மெல்லிய பூச்சுகளாக அடித்து, ஒவ்வொன்றும் முழுமையாகக் காயும்வரை பொறுத்திருந்ததில் சாம்பல் நிறம் சீராக அமைந்தது. சக்கரங்களின் நடுவட்டுக்குப் பச்சை. எஞ்சின் புகைபோக்கிக்கு எரிந்த உலோக நிறம், அதன் உட்புறத்தில் கரிப்பொடி.

அடையாள ஸ்டிக்கர்களில்தான் எனக்கு உண்மையான வருத்தம். பெட்டியில் இருந்தவை சிவப்பு நட்சத்திரமும் வேறு சில நாடுகளின் சின்னங்களும்தாம். இவ்வளவு காலம் இவ்வளவு விமானங்களைப் பறக்கவிட்ட நாட்டின் சின்னத்துக்கு அந்தத் தாளில் ஒரு மூலை இல்லை. வெளியே காவி, நடுவே வெண்மை, உள்ளே பச்சை என்ற வட்டத்தைத் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. கிட் விலையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இதற்கே போயிற்று. நீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் இந்த வகைத் தாளைப் பளபளப்பான வார்னிஷ் பூச்சின் மேல்தான் வைக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் வைத்தால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல மின்னும்.

தஞ்சைக்காரர்களுக்கு ஒரு மாற்று யோசனையும் உண்டு. 2020 ஜனவரி 20 முதல் தஞ்சாவூர் விமானப் படைத் தளத்தில் 222-ஆம் ஸ்குவாட்ரனின் சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்கள் இருக்கின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பதாக இருந்தால் சுகோய்தான் பொருத்தம். ஆனால் அது 1:72 அளவிலேயே முப்பது சென்டிமீட்டர் நீளமும் இருபது சென்டிமீட்டர் அகலமும் வரும், துண்டுகளும் அதிகம். முதல் முயற்சிக்கு மிக்-21 போதும்.

பெட்டிக்குத் தஞ்சாவூர் ஓவியங்களுக்குச் சட்டம் போடுபவரிடம் சென்றேன். புடைப்பு வேலையும் கற்களும் கண்ணாடியில் படாதபடி ஆழமாகச் சட்டம் அமைத்துப் பழகியவர் அவர் என்பதால், நான் சொல்வதற்கு முன்பே விமானத்தின் உயரத்தை அளந்துகொண்டு, தேக்குச் சட்டத்தில் ஐந்து பக்கமும் கண்ணாடி வைத்துக் கொடுத்தார். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மூடிகளைவிட இது எவ்வளவோ மேல்.

விழா மண்டபத்தில் இதைக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கலச நீராட்டு, மாலை மாற்றல், புகைப்படம் என்று கூட்டம் அலைமோதும் இடத்தில் பிட்டோ குழாய் தப்பாது. மறுநாள் வீட்டில் கொடுத்தேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கைப் பார்க்காமல் விமானத்தைத் திருப்பி நேராகப் புகைபோக்கியின் உள்ளே பார்த்தார். "கரி புடிச்சதுகூட இருக்கே! ஆர்-25 எஞ்சின்டா இது," என்று சொல்லிவிட்டு, எந்த மூடியைத் திறந்தால் எந்தக் குழாய் வரும் என்று அத்தைக்கு விளக்கத் தொடங்கினார்.

கிட், ஸ்டிக்கர், பசை, பெயிண்ட், பெட்டி எல்லாம் சேர்த்து ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டிச் செலவாயிற்று. அதில் கிட்டின் பங்கு பாதிக்கும் குறைவு. தை, மாசியில் விழா வைத்திருப்பவர்கள் ஆடியிலேயே கிட்டை வரவழைத்து, மழை தொடங்குமுன் புரட்டாசிக்குள் பெயிண்ட் வேலையை முடித்துவிடுவது நல்லது. இந்திய ஸ்டிக்கர் தாளை அதோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். கடைகளில் அது எப்போதும் இருப்பில் இருப்பதில்லை.