தரவுத்தளத்தை ‘வேகப்படுத்தித் தருகிறேன்’ என்று யாராவது வந்தால் கவனம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள், எல்லாம் கடன் கணக்கு. முன்பு 555 என்கிற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதியது, இப்போது கணினியில், போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருள் வைத்திருக்கும் தரவுத்தளத்தில் இருக்கிறது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பில் திரை அப்படியே நின்றுவிடும். சம்பள நாளில் வரிசை வாசலைத் தாண்டிவிடும். மென்பொருள் போட்டுத் தந்தவரையே கூப்பிட்டேன். 900 வெள்ளி வாங்கிக்கொண்டு அரைமணி நேரத்தில் முடித்தார். கடகடவென்று ஓடியது. “கணக்கு பத்திரமா இருக்குமா?” என்று கேட்டேன். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் தரவுத்தளத்தைச் சட்டென்று நிறுத்தி, மறுபடி திறந்து, “பாருங்க அண்ணே, கடைசி பில்கூட அப்படியே இருக்கு” என்று காட்டினார். நம்பிவிட்டேன்.

அவர் காட்டிய அந்தச் சோதனைதான் ஏமாற்று.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் மாலை இடி மழை, கரண்டு போனது. வந்த பிறகு தரவுத்தளம் எழவே இல்லை. பினாங்கில் வேலை செய்யும் என் அக்கா மகன் வந்து அமைப்புக் கோப்பைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தான்: எஃப்சிங்க், ஆஃப்.

அவன் சொல்லித்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஒருவர் பாக்கியை மாற்றினால், முதலில் நினைவகத்தில் உள்ள 8 கிலோபைட் பக்கம்தான் மாறும். மாறிய பக்கங்களைப் பின்னணியில் ஓடும் நிரல்கள் அப்புறம் வட்டில் எழுதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயிண்ட் என்கிற வேலை வந்து மிச்சத்தையும் எழுதி முடிக்கும். என் திரை நின்றது அதனால்தான். இடையில் கரண்டு போனாலும் கணக்கு தப்புவதற்காக, ஒவ்வொரு மாற்றமும் முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அது வட்டில் உண்மையாகவே இறங்கும்வரை காத்திருக்க வைப்பது எஃப்சிங்க். அதை அணைத்தால் எல்லாம் விண்டோஸ் கையில். அது தனக்குத் தோன்றிய நேரத்தில், தோன்றிய வரிசையில் எழுதும். தரவுத்தளத்தை மட்டும் நிறுத்தினால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, எதுவும் தொலையாது. கரண்டு போனால்தான் குட்டு வெளிப்படும்.

“மாமா, இதை அணைச்சா தரவுத்தளமே சிதையலாம்னு போஸ்ட்கிரெஸ் கையேட்டிலேயே எழுதியிருக்கு” என்றான். எனக்கு வயிறு எரிந்தது.

கையில் இருந்த பேக்கப் 23 நாள் பழையது. அந்த நாட்களின் கடனை வீடு வீடாகக் கேட்டு எழுதினேன். லயத்தில் ஒரு பாட்டி தன் 555 புத்தகத்தை முந்தானையில் துடைத்து நீட்டினார்: அரிசி, பருப்பு, பால், மொத்தம் 64 வெள்ளி 30 காசு. அவர் மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. எல்லாரிடமும் புத்தகம் இல்லை. 1,400 வெள்ளிக்கு மேல் போனது போனதுதான்.

அக்கா மகன் எஃப்சிங்க்கை ஆன் செய்து, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டு போட்டு, செக்பாயிண்ட் இடைவெளியை 15 நிமிடமாக்கி, எழுதும் வேலையையும் அந்த நேரம் முழுக்கப் பரவவிட்டான். திரை இப்போது நிற்பதில்லை. கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் கணினியை ஓட்டும் யுபிஎஸ் ஒன்றும் வாங்கினேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “கரண்டு போனதுக்கு நானா பொறுப்பு?” என்கிறார் அந்த ஆள். பக்கத்துக் கடைகளிலும் இதே வேலையைச் செய்திருக்கிறார். உங்கள் கடையில் யாராவது கை வைத்திருந்தால், விவரம் தெரிந்த ஒருவரிடம் ‘ஷோ எஃப்சிங்க்’ என்று தட்டச் சொல்லுங்கள். ஆஃப் என்று வந்தால் அன்றைக்கே பேக்கப் எடுத்துவிட்டு ஆன் செய்துவிடுங்கள்.