மீட்டர் 12 காட்டும், ஃபேன் சுற்றாது: ரேடியேட்டர் ஃபேன் பழுது பார்க்கும் கருவிகள், நீண்ட நாள் உபயோகத்தில்

ரேடியேட்டர் ஃபேன் பழுது என்றதும் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது மல்டிமீட்டர். நெடுநாள் புழக்கத்தில் என் வரிசை மாறிவிட்டது. முதலிடம் ஒரு ஹெட்லைட் பல்புக்கு, அடுத்தது ஒயரைக் கவ்வி டிசி கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர், மூன்றாவதுதான் மல்டிமீட்டர். வண்டியின் கணினியில் உள்ள தகவலைப் படிக்கும் ஓபிடி அடாப்டர் ஒரு குறிப்பிட்ட வகைப் பழுதுக்கு மட்டும்.

பல்பு ஏன் முதலில்? சின்ன ஹாட்ச்பேக் காரின் ஃபேனே ஓடும்போது 8 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கும். பெரிய வண்டிகளில் 20-ஐத் தாண்டும். கிளம்பும் நொடியில் இதைப்போலப் பல மடங்கு. டிஜிட்டல் மல்டிமீட்டரோ பொதுவாக 10 மெகா ஓம் உள்தடை கொண்டது, கரன்டே இழுக்காது. ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும், கப்ளரின் (ஒயர்களை இணைக்கும் பிளக்) பின் பச்சைப் பாசி பிடித்திருந்தாலும் அது 12.4 வோல்ட் என்று காட்டும். அதை நம்பி நல்ல மோட்டாரைக் கழற்றிப் புதுசு போடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் வீண் செலவு. 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும். வழியில் 5 ஓம் தடை இருந்தால் பல்புக்கு 4 வோல்ட் சேர்வதே பெரிது, இழை மங்கிச் சிவக்கும். பார்த்தாலே தெரிந்துவிடும், எண்ணே வேண்டாம்.

இதற்கு எச்4 பல்பு சௌகரியம். 55 வாட், 60 வாட் என இரண்டு இழைகள். ஒரு இழை போய்க் கழற்றி எறிந்த பல்பில் மற்றது பெரும்பாலும் உயிரோடு இருக்கும், அதுவே போதும். 1.5 சதுர மி.மீ. ஒயர், இரண்டு முதலை கிளிப், நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ். இரண்டு இழைகளையும் சேர்த்து இணைத்தால் 9.5 ஆம்பியர் வரும், அதாவது சின்ன ஃபேனின் பாரத்துக்குச் சமம். கண்ணாடி நொடியில் கொதிக்கும். பம்பர் பிளாஸ்டிக்கில் சாய்க்காமல், பழைய டின்னுக்குள் உட்கார வைத்துச் சில நொடிகள் மட்டும் எரிய விடுங்கள்.

சோதனைக்கு ஃபேனின் கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கக் கப்ளரில் பல்பை மாட்டி, இன்ஜினை ஓட்டி ஏசி போடவும். ஒற்றை ஃபேன் உள்ள பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஃபேனும் ஓடியாக வேண்டும். பல்பு வெள்ளையாக எரிந்தால் வயரிங் சுத்தம், மோட்டார்தான் போயிருக்கிறது. மங்கினாலோ எரியாவிட்டாலோ பல்பின் எர்த் கிளிப்பை மட்டும் பேட்டரி நெகட்டிவுக்கு மாற்றுங்கள். எரிந்தால் பாடி எர்த் பழுது. எரியாவிட்டால் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், மறுமுனையை பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள். இப்போது எரிந்தால் ஃபியூஸ், ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இணைக்கும் சுவிட்ச்), பாசிட்டிவ் ஒயர் ஆகிய மூன்றில் ஒன்று. இக்னிஷன் ஆனில் இருக்கும்வரை ஃபேன் எந்த நொடியும் கிளம்பும். கப்ளரைக் கழற்றாமல் பிளேடு பக்கம் கை போகவே கூடாது.

ஏசி போட்டால் ஓடுகிறது, ஆனால் இன்ஜின் சூடேறினால் ஓடவில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். மோட்டாரும் அதன் ஒயர்களும் நன்றாக இருப்பதற்கு ஏசியே சாட்சி. சென்சார் பக்கம் போங்கள்.

சென்சாருக்குத்தான் ஓபிடி அடாப்டர். இஎல்எம் 327 வகை மலிவு அடாப்டரே கூலன்ட் வெப்பநிலையைக் காட்டும். பல வண்டிகளில் 95 முதல் 100 டிகிரிக்குள் ஃபேன் கிளம்ப வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் சென்சார் ஒயர் அறுந்திருக்கிறது, அதற்குரிய பழுதுக் குறியீடு பி0118. பி0117 என்றால் ஒயர் எர்த்தில் ஒட்டியிருக்கலாம். பி0480 ஃபேன் ரிலேயைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டைக் குறிக்கும், மோட்டாரை அல்ல. இந்தக் குறியீட்டைப் பார்த்து மோட்டார் மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அடாப்டரே இல்லையென்றால் சென்சார் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பல ஈசியூக்கள் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிகள்) பாதுகாப்புக்காக உடனே ஃபேனை ஓட்டிவிடும். ஓடினால் ஈசியூவிலிருந்து ரிலே வழியாக மோட்டார் வரை எல்லாம் சரி. கூலன்ட் குறைந்து சென்சார் காற்றில் நின்றாலும் அது சூட்டை உணராது. ஃபேன் சும்மா நிற்கும், இன்ஜின் கொதிக்கும். அது மின்பழுது அல்ல. ஆறிய பிறகு மூடியைத் திறந்து அளவு பார்ப்பது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை.

ரிலே விஷயத்தில் "டிக்" சத்தம் கேட்டால் நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அந்தச் சத்தம் காயில் இழுப்பதை மட்டுமே சொல்லும். உள்ளே காண்டாக்ட் கருகியிருந்தால் சத்தம் வரும், கரன்ட் வராது. பெட்டியில் அதே பார்ட் நம்பர் ரிலே இன்னொன்று இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். உருவம் ஒன்றாக இருந்தும் பின் அமைப்பு வேறான ரிலேக்கள் உண்டு, நம்பரைப் பார்க்காமல் குத்த வேண்டாம். சாவியை எடுத்த பிறகு சில நிமிடம் ஃபேன் ஓடுவது சில வண்டிகளில் இயல்பு. பேட்டரி தீரும்வரை ஓடினால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மல்டிமீட்டர் தன் தகுதியைக் காட்டுவது ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது, வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று தேடுவதில். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை மோட்டார் கப்ளரின் பாசிட்டிவ் பின்னில். கப்ளரின் பின்புறமாக ஒரு ஊக்கு நுழைத்தால் ஒயரைக் காயப்படுத்தாமல் தொடலாம், ஆனால் அந்த ஊக்கு பாடியில் படக்கூடாது. 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம். எர்த் பக்கம் 0.2-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஃபியூஸின் இரு முனை, ரிலேயின் 30, 87 என்று எண்ணிட்ட பின்களுக்கு இடையில், கப்ளரின் முன்னும் பின்னும் என்று துண்டு துண்டாக அளங்கள். 10 ஆம்பியர் ஓடும் கப்ளரில் 1.5 வோல்ட் விழுந்தால் 15 வாட் சூடு அந்தச் சின்னப் பிளாஸ்டிக்கில் இறங்குகிறது. பழுப்பேறி உருகிய கப்ளருக்கு அதுவே காரணம். கப்ளரை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் மாற்றினால் புது மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும். மோட்டார் சுருளின் ஓம் அளப்பது வீண்: அது 1 ஓமுக்கும் குறைவு, மலிவு மீட்டரின் ஒயர்த்தடையே அதில் பாதி வந்துவிடும்.

கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டிசி ஆம்பியர் அளக்குமா என்று பாருங்கள், மலிவானவை பல ஏசி கரன்ட் (மாறுமின்னோட்டம்) மட்டுமே அளக்கும். ஒற்றை ஒயரைச் சுற்றி மாட்டி, ஜீரோ பட்டனை அழுத்திவிட்டு ஃபேனை ஓட்டுங்கள். 10 ஆம்பியர் ஃபேன் 15, 16 இழுத்தால் பேரிங் அல்லது புஷ் இறுகுகிறது. அடிக்கடி ஃபியூஸ் போவதற்கு ஷார்ட்டைத் தேடும் முன் இதைப் பார்க்கவும். 30 ஆம்பியர் ஃபியூஸ் போகிறதென்று 40 போடுவது ஒயரை ஃபியூஸாக்கும் வேலை. கப்ளரில் முழு வோல்டேஜ் இருந்தும் கரன்ட் குறைவாக, ஏறி இறங்கி வந்தால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டார் உடலில் மரக்கட்டையால் தட்டியதும் சுற்றினால் அதுவே உறுதி.

இரண்டு வேக ஃபேனில் குறைந்த வேகம் மட்டும் போனால் ரெசிஸ்டரைப் பாருங்கள். பெரும்பாலும் காற்று படுகிற இடத்தில் ஃபேன் கூட்டிலேயே இருக்கும். அறிகுறி: ஃபேன் தாமதமாக, ஒரேயடியாக உறுமிக்கொண்டு கிளம்பும். ரெசிஸ்டருக்குப் பதில் இரண்டு ஃபேன்களைத் தொடரில் இணைத்துக் குறைந்த வேகம் பெறும் வண்டிகளில் ஒரு மோட்டார் போனால் குறைந்த வேகத்தில் இரண்டுமே நின்றுவிடும், அதிக வேகத்தில் ஒன்று மட்டும் ஓடும். இதைத் தெரியாமல் இரண்டு மோட்டாரையும் மாற்றுகிறவர்கள் உண்டு.

டாஷ்போர்டில் சுவிட்ச் வைத்து ஃபேனை "டைரக்ட்" பண்ணிக் கொடுப்பது வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க மட்டும் சரி. ரிலே இல்லாமல் மெல்லிய ஒயரில் 10 ஆம்பியர் ஓட்டினால் சுவிட்ச் உருகும். நெரிசலில் போட மறந்தால் ஹெட் கேஸ்கட் போகும். புது மோட்டார் போட்டதும் கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள், உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும். தள்ளினால் ஒயர் மாறியிருக்கிறது. ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கும் ஃபேனுக்கு இது பொருந்தும், பெரும்பாலான கார்கள் அந்த வகைதான்.

பல்புக்கும் எல்லை உண்டு. ஈசியூவிலிருந்து ரிலே காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரில் அதை வைக்கவே கூடாது. அந்த வழியில் ஓடுவது 150 மில்லி ஆம்பியர் அளவுதான், பல்பின் 4.6 ஆம்பியர் ஈசியூவின் டிரைவர் சர்க்யூட்டை எரித்துவிடும். அங்கே மல்டிமீட்டர் அல்லது எல்இடி டெஸ்டர். உள்ளேயே கன்ட்ரோலர் வைத்த பிரஷ்லெஸ் ஃபேன்களில் தடித்த இரண்டு ஒயர்களை மட்டும் பல்பால் சோதிக்கலாம். மெல்லிய சிக்னல் ஒயருக்கு டியூட்டி சதவீதம் (சிக்னல் ஆனில் இருக்கும் நேர விகிதம்) காட்டும் மீட்டர் வேண்டும். பேட்டரியை நேரடியாகக் கொடுத்தும் அந்த ஃபேன் சுற்றாவிட்டால், சிக்னலைப் பார்க்காமல் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.