குஸ்கோவில் இன்கா பாதை அனுமதி விற்பவர்கள்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

பெருவில் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சுவுக்கு இன்கா பாதை வழியாக நடந்து போகத் திட்டமிடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். குஸ்கோ நகரத்து நிறுவனம் ஒன்று, ஜூன் மாதத்துக்கு இன்கா பாதை அனுமதி எடுத்துவிட்டதாகச் சொல்லி எங்களிடம் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, வேறொரு மலைப்பாதையைத் தலையில் கட்டிவிட்டது. பெயரைப் போடவில்லை. இந்தப் பலகையைக் கழற்றிவிட்டு நாளைக்கே வேறு பலகை மாட்டக்கூடியவர்கள் அவர்கள். ஏமாற்றும் முறை தெரிந்தால் எந்தப் பலகையின் கீழ் வந்தாலும் அடையாளம் தெரியும்.

முதலில் அனுமதி எப்படிக் கிடைக்கிறது என்பது தெரிய வேண்டும். இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேரைத்தான் விடுகிறார்கள். வழிகாட்டி, சமையல்காரர், சுமைதூக்கி எல்லோரும் அந்த 500-க்குள் அடக்கம் என்பதால் பயணிகளுக்கு மிஞ்சுவது சுமார் 200 இடம். உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக முடியும். அனுமதி உங்கள் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும் பதிவாகும். அதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது, தேதியையும் தள்ளிப்போட முடியாது. ரயில் பாதையில் 82-ஆவது கிலோமீட்டரில் நடை தொடங்கும் இடத்தில் சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே பாஸ்போர்ட்டை வாங்கி எண்ணைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாத காலம் என்பதால் அந்த மாதங்களுக்கான இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும்.

எங்களிடம் ஜனவரியிலேயே பாஸ்போர்ட் நகலை வாங்கினார்கள். தலைக்கு 720 டாலர் பேசி, முன்பணத்தைக் கார்டில் கட்டினோம். "அனுமதி கையில் இருக்கிறது, கவலையே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தியும் வந்தது. அனுமதியின் நகல் கேட்டபோதெல்லாம், அது அலுவலகக் கோப்பில் இருக்கிறது, குஸ்கோவுக்கு வந்ததும் தருகிறோம் என்றார்கள். நாங்கள் போய் இறங்கிய அன்றே மீதிப் பணத்தை டாலர் நோட்டுகளாக எண்ணி வாங்கிக்கொண்டார்கள். நோட்டின் ஓரத்தில் சிறு கிழிசல் இருக்கிறது என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்து மாற்றியும் வாங்கினார்கள். அவ்வளவு கறார். மறுநாள் மாலைதான் உண்மை வெளியே வந்தது: அரசாங்கம் எங்கள் அனுமதியை ரத்து செய்துவிட்டதாம். ஆகவே சல்கண்டாய் பாதையில் அழைத்துப் போகிறார்களாம். "இதுவும் இன்கா பாதைதான், இன்னும் அழகானது" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

என் மைத்துனரின் மகளுக்கு ஸ்பானிஷ் நன்றாகத் தெரியும். ரத்து செய்ததற்கான கடிதத்தைக் காட்டுங்கள் என்று அவள் கேட்டாள். அவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அது அரசாங்கத்தின் பக்கமே அல்ல, அவர்களே தட்டெழுதி வைத்திருந்த எக்செல் பட்டியல். அதில் என் பெயருக்கு நேரே மைத்துனரின் பாஸ்போர்ட் எண். மைத்துனரின் பெயருக்கு நேரே எதுவுமே இல்லை. எங்களுக்காக யாரும் எந்தக் காலத்திலும் அனுமதிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது அங்கேயே விளங்கிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டோம். அது சமையல்காரருக்கும் கூடாரத்துக்கும் போய்விட்டது என்று கையை விரித்தார். திரும்பும் விமானத்தின் தேதியைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுகிற ஆளிடம் என்ன பேரம் பேச முடியும்?

சல்கண்டாய் மட்டமான பாதை என்று நான் சொல்லவில்லை. 6,271 மீட்டர் உயரமுள்ள பனிமலையின் அடிவாரத்தில் நடப்பது பெரிய அனுபவம். ஆனால் அதற்கு அனுமதியே தேவையில்லை. அதே தெருவில் நாங்கள் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி விலைக்கு அதைக் கூவி விற்கிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. நாங்கள் பெருவுக்குப் போனது இன்காக்களின் கட்டடங்களைப் பார்க்க. இன்கா பாதையில் ருங்குரகாய், சயக்மார்க்கா, புயுபட்டமார்க்கா, வின்யாய் வைனா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கடைசியில் சூரிய வாசல் எனப்படும் இன்டிபுங்கு வழியாக மச்சு பிச்சுவில் இறங்கலாம். சல்கண்டாய் வழியில் மலை உண்டு, ஏரி உண்டு, காப்பித் தோட்டம் உண்டு. இன்கா கட்டடம் என்று பார்த்தால் லியாக்டபாட்டா ஒன்றுதான். எதிர்மலையிலிருந்து மச்சு பிச்சுவைப் பார்க்கும்படி அமைந்த இடம் அது. அதையும் எங்களுக்குக் காட்டவில்லை. மழையில் வழி சரிந்துவிட்டது என்று சொல்லி வேனில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பயணம் முழுவதும் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. மாலையில் வேறு குழுவினரைச் சந்தித்தபோது, அவர்கள் காலையில் அங்கே போய்விட்டு வந்த படங்களைக் காட்டினார்கள்.

ஆனால் இவையெல்லாம் பணமும் மனவருத்தமும் மட்டும்தான். சொராய்பம்பாவில் நடந்தது அப்படிப்பட்டதல்ல. சல்கண்டாய் வழியில் கணவாய்க்கு முந்தைய முகாம் அது, சுமார் 3,900 மீட்டர் உயரம். ஜூன் இரவில் கூடாரத்தின் மேல் உறைபனி படிந்துவிடுகிறது. நள்ளிரவில் மைத்துனருக்குத் தலைவலி தாங்கவில்லை, இரண்டு முறை வாந்தி, மூச்சு வாங்கியது. வழிகாட்டியை எழுப்பினோம். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த ஆக்சிஜன் குடுவையைக் கொண்டுவந்தான். முகமூடியை வைத்துத் திருகினால் சத்தமே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தோம். அளவுமானியின் முள் பூஜ்யத்தின் மேல் அசையாமல் கிடந்தது. அவனுக்கும் முகம் வெளிறிவிட்டது. புறப்படும்போது அலுவலகத்தில் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்தேன் என்றான். பக்கத்து முகாமின் சமையல்காரர் தங்கள் குழுவின் குடுவையைக் கொடுத்தார். நாங்கள் யார், எந்த நிறுவனம் என்றுகூட அவர் கேட்கவில்லை. விடிந்ததும் மைத்துனரைக் கீழே இறக்கி, மொல்யேபாட்டா வழியாகக் குஸ்கோவுக்கு அனுப்பினோம். கீழே இறங்க இறங்க அவருக்குத் தெளிந்துவிட்டது. அந்த வண்டிச் செலவையும் எங்களிடமே வாங்கினார்கள். மைத்துனர், நீங்கள் எல்லோரும் போய்த்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் நாங்கள் 4,600 மீட்டர் கணவாயைத் தாண்டினோம்.

கோவேறு கழுதைகளை ஓட்டி வந்தவரையும் சொல்ல வேண்டும். போன மாதக் கூலியே இன்னும் வரவில்லை என்று மைத்துனரின் மகளிடம் அவர் சொன்னார். கடைசி நாள் காலையில் "எல்லோருக்குமான அன்பளிப்பு" என்று நிறுவனம் கவரில் பணம் கேட்டபோது நாங்கள் கொடுக்கவில்லை. அவரவர் கையில் நேரடியாகக் கொடுத்துவிட்டோம்.

கடைசி அடி மச்சு பிச்சுவின் வாசலிலேயே விழுந்தது. 2024 முதல் அங்கே மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பல பிரிவுகள் என்று நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். எங்களுக்கு எடுத்திருந்தது முதல் சுற்று. மேல் படிக்கட்டு வயல்களில் நின்று நகரத்தைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், ஊருக்குள் இறங்கி நடக்க முடியாது. அதற்கு இரண்டாம் அல்லது மூன்றாம் சுற்று வேண்டும். கோயில்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே மற்றவர்கள் நடப்பதை மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். எந்தச் சுற்று என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் "மச்சு பிச்சு நுழைவு உட்பட" என்று மட்டும் போட்டிருந்தார்கள். சட்டப்படி அவர்கள் செய்தது சரியாம்!

குஸ்கோவுக்குத் திரும்பியதும் ஐபெரு என்ற அரசுச் சுற்றுலா உதவி மையத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார். பெருவில் கடையோ விடுதியோ சுற்றுலா நிறுவனமோ, எதுவானாலும் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டால் கொடுத்தே தீர வேண்டும், எழுதிய புகாருக்குப் பதிலும் சொல்ல வேண்டும். இன்டெகோபி என்ற நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு இதைக் கண்காணிக்கிறது. நாங்கள் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கேட்டதும் அதுவரை மேசைக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார், காப்பி கொண்டுவரச் சொன்னார், நூறு டாலர் தருகிறேன் என்றார். புகாரை எழுதி நகலை வாங்கிக்கொண்டோம். அந்த நகலையும் "அனுமதி கையில் இருக்கிறது" என்ற வாட்ஸ்அப் செய்தியையும் வங்கிக்கு அனுப்பியதில், கார்டில் கட்டிய முன்பணம் திரும்ப வந்துவிட்டது. நோட்டாகக் கொடுத்தது போனது போனதுதான். மாற்றுப் பாதையில் அழைத்துச் செல்ல ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது என்று நிறுவனம் பதில் எழுதியிருக்கிறது. இன்டெகோபிக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறோம்.

நீங்கள் போவதாக இருந்தால், முன்பணம் கட்டியவுடன் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தேதியும் உள்ள அனுமதியின் நகலைக் கேளுங்கள். கோப்பில் இருக்கிறது என்பவரிடம் மேற்கொண்டு ஒரு காசும் கொடுக்காதீர்கள். எந்தத் தேதிக்கு எத்தனை இடம் மிச்சம் என்பதை பெருவின் கலாச்சார அமைச்சகத்தின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். அங்கே பூஜ்யம் என்று காட்டும் தேதியை ஒருவர் விற்கிறார் என்றால் அவர் எதை விற்கிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மச்சு பிச்சு சீட்டில் எந்தச் சுற்று, எத்தனை மணி என்பதை எழுத்தில் வாங்குங்கள். புறப்படும் நாளில் ஆக்சிஜன் குடுவையை உங்கள் கண்ணெதிரே திறந்து காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் அலுவலக நண்பர் ஒருவர், தனக்கு வந்த விலைப்பட்டியலை அனுப்பினார். எங்களுக்கு வந்த அதே எண்ணிலிருந்துதான் வந்திருக்கிறது. பிப்ரவரி மாதத்துக்கு இன்கா பாதை, அனுமதி உறுதி, 20 சதவீதம் தள்ளுபடி. பிப்ரவரி முழுவதும் பராமரிப்புக்காக அந்தப் பாதையை மூடிவிடுகிறார்கள், ஒவ்வோர் ஆண்டும்.