ஜூலியின் வயிறு ஒத்துக்கொண்ட உணவு: ஐந்து வருட அனுபவம்

ஜூலிக்கு இப்போது ஆறு வயது. ஜெர்மன் ஷெப்பர்ட், எடை 30 கிலோ. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஓடாவிட்டால் வீட்டுக்குள் நிலைகொள்ள மாட்டாள். ஓட்டத்தில் அவ்வளவு தெம்பு. ஆனால் வயிறு மட்டும் கைக்குழந்தையின் வயிறு. ஒரு பிஸ்கட் மாறினாலும் மறுநாள் தெரிந்துவிடும். இந்த ஐந்து வருடத்தில் ஐந்து வகை டிரை ஃபுட் மாற்றிப் பார்த்தாயிற்று. இப்போதைய உணவு மூன்று வருடமாகத் தொடர்கிறது.

ஒரு வயது முடிந்ததும் வாங்கியது, ஓடும் நாய்களுக்கென்றே விற்கும் உணவு. புரதம் 32 சதவீதம், கொழுப்பு 22 சதவீதம். இவ்வளவு ஓடுகிறாளே, சத்து வேண்டாமா என்று நினைத்தேன். பழைய உணவை இரண்டே நாளில் நிறுத்திவிட்டேன். நாலாம் நாள் மலம் கஞ்சிபோலப் போனது, மேலே வழவழவென்று சளிப்படலம். ராத்திரி அவள் வயிறு கடமுடவென்று உருள்வது அறையின் மறுகோடி வரை கேட்டது. விடிந்ததும் தோட்டத்துக்கு ஓடிப் புல்லை மென்றாள்.

நீண்ட தூரம் ஓடும் நாய்க்குக் கொழுப்புதான் முக்கியமான எரிபொருள் என்பது உண்மை. பனியில் நாள் முழுக்க வண்டி இழுக்கும் நாய்க்கு அது சரி. தினம் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு மீதி நேரம் படுத்திருக்கும் நாய்க்கு அவ்வளவு தேவையில்லை. கொழுப்பு மிகுந்தால் இரைப்பை காலியாகத் தாமதமாகும். செரிக்காத கொழுப்பு பெருங்குடலுக்குப் போனால் மலம் இளகும். இது எனக்குப் புரிய ஒரு வருடம் பிடித்தது.

அதற்குள் பழி அந்த உணவில் இருந்த கோழிமேல் விழுந்தது. கோழி அலர்ஜியாக இருக்கும் என்றார்கள், ஆட்டிறைச்சி உணவுக்கு மாற்றினேன். அப்புறம் மீன், அப்புறம் தானியமில்லாத உணவு. இரண்டு மாதத்தில் மூன்று பை. எந்த மாற்றம் எதைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. தானியமில்லாத உணவில் அரிசிக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிறைய இருந்தன. அப்படிப்பட்ட உணவு சாப்பிட்ட நாய்களில் சிலவற்றுக்கு இதயத் தசை நோய் வந்ததாகப் புகார்கள் வர, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரணையை அறிவித்திருந்தது. அதைப் படித்ததும் அந்தப் பையைத் தொடரவில்லை. அவளுக்குத் தானியம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு எந்த அடையாளமும் இல்லையே.

பிறகுதான் உருப்படியான வேலை நடந்தது. டாக்டர் உணவைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் மலப் பரிசோதனை. குடற்புழுவும் இல்லை, குடலில் ஒட்டி வாழும் ஜியார்டியா என்ற நுண்ணுயிரும் இல்லை. அடுத்து, வெறும் வயிற்றில் ஓர் இரத்தப் பரிசோதனை. ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்குக் கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காமல் போகும் நோய் மற்ற இனங்களைவிட அதிகம். உங்கள் நாய் ஆவலாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போனால், மலம் வெளிறி, நிறையப் போனால், தயவுசெய்து உணவை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். ஜூலிக்கு அது இல்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதன்பின் எட்டு வாரம், புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரித்த சிகிச்சை உணவு மட்டும். பிஸ்கட் கிடையாது, எலும்பு கிடையாது, வாசனை சேர்த்த மாத்திரைகூடக் கிடையாது. இரண்டாவது வாரமே மலம் கட்டியானது. எட்டு வாரம் முடிந்து வேகவைத்த கோழி கொஞ்சம் கொடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை! இத்தனை நாள் பழி சுமந்த கோழி குற்றமற்றது.

அப்படியானால் கோளாறு எங்கே? பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உடல் எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால் ஓய்வில் தேவைப்படும் கலோரி. 30 கிலோவுக்கு ஏறக்குறைய 900. அவள் ஓட்டத்துக்கு 1.8 மடங்கு வைத்தால் சுமார் 1,600. நான் கொடுத்துவந்தது 2,100-க்குக் குறையாது. கூடுதல் கொழுப்பு, கூடுதல் அளவு, தடாலடி மாற்றம், மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. கப்பால் அளப்பதும் ஒரு காரணம். ஒரே கப்பைத் தராசில் வைத்தேன்: ஒரு நாள் 118 கிராம், மறுநாள் 141. அன்றிலிருந்து தராசுதான்.

இப்போது கொடுப்பது பெரிய இன நாய்களுக்கான சாதாரண உணவு. கோழி, அரிசி, சர்க்கரை பீட் கிழங்கின் சக்கை நார். புரதம் 26, கொழுப்பு 13 சதவீதம். பழையதோடு கலந்து கலந்து பத்து நாளில் மாற்றினேன். நாளைக்கு 450 கிராம், இரண்டு வேளையாக. ஆழமான மார்புள்ள இனம் என்பதால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுப்பதில்லை, ஓடி வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. கிண்ணத்தை உயரத்தில் வைப்பது நல்லது என்று நினைத்திருந்தேன். 2000-இல் வெளியான பர்டூ பல்கலைக்கழக ஆய்வு அது ஆபத்தைக் கூட்டுவதாகக் கண்டது. இப்போது கிண்ணம் தரையில். உள்ளே மேடுபள்ளமான கிண்ணம் வாங்கியதில், ஒரு நிமிடத்தில் விழுங்கியவள் ஆறு நிமிடம் எடுத்துக்கொள்கிறாள்.

குறை இல்லாமல் இல்லை. முதல் குளிர்காலத்தில் ரோமம் கொஞ்சம் வறண்டது. மீன் எண்ணெயைச் சில துளிகளில் தொடங்கி ஒரு மாதத்தில் ஏற்றினோம். அதுவும் கொழுப்பாயிற்றே, அவசரப்பட்டால் பழைய கதைதான். பைக்குப் பை உருண்டையின் நிறம் லேசாக மாறுகிறது, அதனால் புதுப் பையைத் திறக்கும்போது நாலு நாள் கலந்துதான் கொடுக்கிறேன்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று: பொருள் பட்டியலில் கோழி முதலில் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சமைப்பதற்கு முந்தைய எடையை வைத்துத்தான் வரிசை. பச்சை இறைச்சியில் பெரும்பகுதி தண்ணீர். நான் முதலில் பார்ப்பது கொழுப்பு சதவீதம், அடுத்து 100 கிராமுக்கு எத்தனை கலோரி.

தினமும் மலத்துக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் எழுதும் நோட்டு ஒன்று உண்டு. 2 அல்லது 3 என்றால் நல்லது. போன மாதம் முழுக்க 2, 3 தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் வயது ஏறுகிறது, மாலை ஓட்டத்தைப் பாதியிலேயே நிறுத்திப் படுத்துவிடுகிறாள். தடவினால் விலா எலும்பு முன்புபோல் சட்டென்று கைக்குத் தட்டுப்படவில்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் காட்டிவிட்டு 420 கிராமுக்கு இறக்கிப் பார்க்கப் போகிறேன்.